ஒரு 'மே'யும் ஒரு 'ஷல்'லும்

இங்கிலீஷ் பாஷையைக் கற்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதலில் பயத்தை உண்டாக்குபவை நீண்ட சொற்கள். எழுத்துக் கூட்டி, பல முறை எழுதிப் பார்த்து, எப்படியோ அவற்றை வென்றுவிடுகிறார்கள். ஆனால் வளர்ந்து, உத்தியோகம் பார்த்து, பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகும் கையிலிருந்து நழுவிக் கொண்டேயிருப்பவை மிகச் சிறிய சொற்கள்தாம். 'மே', 'மஸ்ட்', 'ஷல்', 'ஷுட்', 'நீட்' என்னும் இந்தத் துணைவினைகள் தாமாக ஒரு காரியத்தையும் குறிப்பதில்லை. கோயில் வாசலில் விரலை உயர்த்தி நிற்கும் துவாரபாலகரைப் போல மற்றொரு வினைச்சொல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு, அந்தக் காரியத்தைச் செய்தே தீர வேண்டுமா, செய்யலாமா, செய்யாமலும் இருக்கலாமா, செய்யவே கூடாதா என்பதைச் சொல்லிவிடுகின்றன.

இலக்கணப் பரீட்சையில் இவற்றில் பிழை நேர்ந்தால் ஒரு மார்க்கு குறையும், அவ்வளவுதான். வாடகைப் பத்திரத்திலும், மருந்துக் குப்பியிலும், சர்க்கார் உத்தரவிலும் பிழை நேர்ந்தால் குறைவது வேறு. நமது தேசத்து அரசியல் சட்டமே இங்கிலீஷில் இயற்றப்பட்டது. ஒரு சட்டத்தில் 'மே' இருப்பது தகுமா, அந்த இடத்தில் 'ஷல்' வேண்டாமா என்று நமது பார்லிமெண்டில் தேசத்தின் தலைவர்கள் வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதம் தீராமல் போனதன் பலனைத் தமிழ்நாட்டு வீதிகள் 1965-ஆம் வருஷத்தில் கண்டன. அந்த வரலாற்றுக்குள் புகுமுன், இந்தச் சொற்களின் குலத்தையும் குணத்தையும் சற்று விசாரித்துக் கொள்வோம்.

குலமும் குணமும்

'ஷல்' என்னும் சொல்லுக்குப் பழைய இங்கிலீஷில் 'கடன்பட்டிருக்கிறேன்' என்று பொருள். ஜெர்மன் பாஷையில் கடனுக்கும் குற்றத்துக்கும் பெயரான 'ஷுல்ட்' என்பது இதற்குச் சகோதரச் சொல். 'ஆட்' என்னும் மற்றொரு துணைவினையும் கடன்படுதலைக் குறிக்கும் 'ஓ' என்ற வினையின் இறந்த கால வடிவமே. கொடுக்க வேண்டிய பணத்தைக் குறித்த சொல்லே செய்ய வேண்டிய காரியத்தையும் குறிக்கலாயிற்று.

தமிழருக்கு இது வியப்பாக இராது. நாமும் வாங்கிய பணத்தைக் கடன் என்கிறோம். செய்ய வேண்டிய காரியத்தையும் கடன் என்கிறோம். கடமை, கடப்பாடு, கடவன் என்பவையெல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பழைய பத்திரங்களிலும் கிறிஸ்தவ வேத மொழிபெயர்ப்பிலும் வரும் 'செய்யக் கடவன்', 'ஆகக் கடவது' என்னும் தொடர்களே 'ஷல்' என்பதற்கு மிகப் பொருத்தமான தமிழ். பேச்சு வழக்கிலிருந்து அது மறைந்துவிட்டது. இங்கிலீஷிலும் 'ஷல்' பேச்சிலிருந்து பெரும்பாலும் ஒதுங்கிச் சட்டப் புத்தகத்துக்குள் குடியேறிவிட்டது. இரு பாஷைகளிலும் பெரியவரின் கதி ஒன்றாகவே முடிந்திருக்கிறது!

'மே' என்பதன் மூலப்பொருள் வலிமை. 'மைட்' என்றால் இன்றும் பலம் என்றே பொருள். 'செய்ய வல்லவன்' என்பதிலிருந்து 'செய்ய அனுமதி பெற்றவன்' என்றும், அதிலிருந்து 'செய்யக்கூடும்' என்றும் அதன் அர்த்தம் நகர்ந்து வந்திருக்கிறது. 'மஸ்ட்' என்பதன் கதைதான் எல்லாவற்றிலும் விசித்திரமானது. அது முதலில் அனுமதியைக் குறித்த ஒரு சொல்லின் இறந்த காலம். 'செய்ய அனுமதி இருந்தது' என்ற பொருளோடு பிறந்த சொல், 'செய்தே தீர வேண்டும்' என்னும் பொருளை அடைந்தது. தானே இறந்த கால வடிவமாகப் பிறந்ததாலோ என்னவோ, அதற்கென்று வேறு இறந்த காலம் கிடையாது. 'நேற்று நான் போக வேண்டியிருந்தது' என்று சொல்ல வேண்டுமானால் 'ஹாட் டு' என்னும் வேறு தொடரைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.

1653-ஆம் வருஷத்தில் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், அந்நியர்கள் கற்பதற்காகத் தம் தாய்மொழிக்கு லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். தன்மையில் 'ஷல்' வந்தால் வருங்காலத்தை மட்டும் உணர்த்தும். முன்னிலையிலும் படர்க்கையிலும் வந்தால் பேசுகிறவனுடைய வாக்குறுதியையோ அச்சுறுத்தலையோ உணர்த்தும் என்று அதில் விதி வகுத்தார். அந்த விதியைப் பின்வந்த பள்ளிக்கூடங்கள் இருநூறு வருஷங்களுக்கு மேல் மாணவர்களுக்குப் புகட்டின. நடைமுறைப் பேச்சு அதை முழுவதும் பின்பற்றவில்லை. ஆனால் சட்டத்துக்கு அது மிகவும் வசதியாக அமைந்தது. சட்டம் என்றைக்கும் படர்க்கையில்தானே பேசுகிறது? 'எவனொருவன்', 'எந்த அதிகாரி', 'அந்த சர்க்கார்' என்று சொல்லி, பக்கத்தில் ஒரு 'ஷல்' வைத்துவிட்டால் அது கட்டளை ஆகிவிடுகிறது.

விதியும் விலக்கும்

கட்டளை இரு வகைப்படும். செய் என்பது விதி. செய்யாதே என்பது விலக்கு. நமது ஔவையார் குழந்தைகளுக்கு ஓதிய ஆத்திசூடியில் விலக்குகளை 'ஏல்' என்ற ஒரே அசையால் முடித்துவிட்டார். அதில் குழப்பத்துக்கு இடமில்லை. இங்கிலீஷிலோ விதியை விலக்காக மாற்றும்போதுதான் ஆபத்து.

'மஸ்ட்' என்றால் 'வேண்டும்'. அப்படியானால் 'மஸ்ட் நாட்' என்பது 'வேண்டாம்' அல்லவா என்று தமிழ்ப் பிள்ளை நினைப்பது இயல்பு. ஆனால் நாம் 'வேண்டாம்' என்னும்போது பெரும்பாலும் கட்டாயத்தை நீக்குகிறோம். 'இன்று கடைக்குப் போக வேண்டாம். நாளை போய்க்கொள்ளலாம்' என்று தாயார் சொன்னால், போவது குற்றம் என்று பொருளல்ல. போக வேண்டிய அவசியமில்லை என்றே பொருள். இங்கிலீஷில் இதற்கு 'நீட் நாட்' என்ற சொல் இருக்கிறது. 'மஸ்ட் நாட்' கட்டாயத்தை நீக்குவதில்லை. செய்யாமலிருப்பதையே கட்டாயமாக்குகிறது. அதற்கு நேரான தமிழ் 'கூடாது'.

சிக்கல் இத்துடன் தீரவில்லை. நமது 'கூடாது' என்பதன் உடன்பாட்டு வடிவம் 'கூடும்'. 'அவர் வரக்கூடும்' என்றால் வருவதற்கு இடமுண்டு என்று ஊகம். 'அவர் வரக்கூடாது' என்றால் தடை. ஊகம் ஒரு பக்கமும் தடை மறு பக்கமுமாக ஒரே சொல் நிற்கிறது. இங்கிலீஷில் 'மே' செய்வதும் இதேதான். 'மே' என்றால் செய்யலாம் என்பதும் உண்டு, செய்யக்கூடும் என்பதும் உண்டு. 'மே நாட்' என்றால் செய்யக்கூடாது என்பதும் உண்டு, செய்யாமல் இருக்கக்கூடும் என்பதும் உண்டு. எது எங்கே என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டும்.

ஒரு தகப்பனார் பட்டணத்தில் படிக்கும் மகனுக்கு, 'நீ ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்' என்று இங்கிலீஷில் எழுத நினைத்து 'மஸ்ட் நாட்' போட்டுவிட்டால், பையன் தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக் கலங்குவான். மருந்துச் சீட்டில் 'உணவோடு சாப்பிட வேண்டிய அவசியமில்லை' என்பதையும் 'உணவோடு சாப்பிடக் கூடாது' என்பதையும் மாற்றிப் படித்தால், கலக்கம் மனத்தோடு நிற்காது.

இந்த வேறுபாட்டைக் கண்டிப்பாகக் காப்பாற்றி வரும் ஒரு புத்தகத்துக்கு உதாரணம், பிரிட்டனில் 1931-ஆம் வருஷத்தில் முதலில் வெளியிடப்பட்ட சாலை விதிகளின் தொகுப்பு. அதன் இன்றைய பதிப்புகளில் சட்டத்தால் கட்டாயமான விதி ஒவ்வொன்றும் 'மஸ்ட்' அல்லது 'மஸ்ட் நாட்' என்று பெரிய எழுத்துக்களில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதை மீறுவது குற்றம். வெறும் புத்திமதியாகச் சொல்லப்படுபவை 'ஷுட்' என்ற சொல்லோடு வருகின்றன. அதை மீறியதற்காக மட்டும் வழக்குத் தொடர மாட்டார்கள். ஆனால் விபத்து நேர்ந்து வழக்கு வந்தால் அந்த மீறல் சாட்சியமாக நிற்கும். வண்டி ஓட்டுகிறவன் இலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை. எந்தச் சொல் கைவிலங்கு, எந்தச் சொல் புத்திமதி என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

சட்டத்தின் வாயில்

சட்டத்தில் 'ஷல்' கட்டளை, 'மே' அனுமதி. பொது விதி இவ்வளவுதான். ஆனால் கோர்ட்டுகள் இந்தப் பொது விதியை அப்படியே விழுங்கிவிடுவதில்லை.

1880-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, ஆக்ஸ்போர்டு பிஷப்பைப் பற்றிய ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு பாதிரியாரின் வழிபாட்டு முறைமீது ஒருவர் புகார் கொடுத்தார். பிஷப்போ விசாரணைக்கு உத்தரவிட மறுத்தார். அதிகாரம் கொடுக்கும் சொற்கள் கட்டாயத்தை உண்டாக்கா. ஆகவே உத்தரவிடுவதும் விடாததும் பிஷப்பின் விருப்பம் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அதிகாரத்தோடு ஒரு கடமையும் சேர்ந்து நிற்கும் சந்தர்ப்பங்கள் உண்டு என்றும், அப்போது அதிகாரமுள்ளவர் அதைப் பிரயோகித்தே தீர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்லிற்று. அதாவது, சில சமயம் 'மே' என்பதும் 'ஷல்' ஆகலாம்!

தலைகீழாகவும் நடந்ததுண்டு. சர்க்கார் ஊழியர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்போது பப்ளிக் ஸர்வீஸ் கமிஷனைக் கலந்துகொள்ள வேண்டும் என்று நமது அரசியல் சட்டத்தின் 320-வது ஷரத்து 'ஷல்' போட்டுச் சொல்கிறது. 1957-ஆம் வருஷத்தில் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, கலந்துகொள்ளத் தவறினாலும் அந்த நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. 'ஷல்' இருந்தும் அது கட்டளையாகாமல் வழிகாட்டியாக நின்றுவிட்டது.

அப்படியானால் சொல்லைப் பற்றி ஏன் சண்டையிட வேண்டும் என்று கேட்கலாம். சொல் சரியாக இருந்தால் கோர்ட்டுக்குப் போகாமலே காரியம் நடக்கும் என்பதுதான் பதில். 74-வது ஷரத்தைப் பாருங்கள். குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை கூற மந்திரிசபை ஒன்று இருக்கும் என்று 1950-இல் அதில் எழுதப்பட்டது. அந்த ஆலோசனைப்படி அவர் நடந்தே தீர வேண்டுமா என்பதற்குச் சொல் இல்லை, சம்பிரதாயந்தான் இருந்தது. 1976-ஆம் வருஷத்து 42-வது திருத்தம் ஒரு 'ஷல்' சேர்த்து, நடந்தே தீர வேண்டும் என்றாக்கியது. 1978-ஆம் வருஷத்து 44-வது திருத்தம் ஒரு 'மே' சேர்த்தது: மறுபடி யோசிக்கும்படி அவர் மந்திரிசபையைக் கேட்கலாம். உடனே அதற்குப் பக்கத்தில் மற்றொரு 'ஷல்'லும் வைத்தது: மறுபடி யோசித்துச் சொன்ன பிறகு, அதன்படி நடக்கவே வேண்டும். குடியரசின் தலைமைப் பதவிக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த மந்திரிகளுக்கும் உள்ள உறவு முழுவதும் இந்த மூன்று சிறு சொற்களில் அடங்கிவிட்டது.

பதினைந்து வருஷக் கெடு

இப்போது நாம் சொல்ல வந்த வரலாற்றுக்கு வருவோம்.

சுதந்திர இந்தியாவின் ஆட்சி மொழி எது என்ற கேள்வி அரசியல் நிர்ணய சபையைக் கொந்தளிக்க வைத்தது. முடிவில் கே. எம். முன்ஷியும் என். கோபாலஸ்வாமி ஐயங்காரும் வகுத்த ஒரு சமரசத் திட்டம் 1949-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 14-ஆம் தேதி ஏற்கப்பட்டது. அதுவே 343-வது ஷரத்து. அதில் துணைவினைகள் நிற்கும் வரிசையைக் கவனிக்க வேண்டும். யூனியனின் ஆட்சி மொழி ஹிந்தியாக இருக்கும் என்பதற்கு 'ஷல்'. பதினைந்து வருஷங்கள் இங்கிலீஷும் தொடரும் என்பதற்கும் 'ஷல்'. பதினைந்து வருஷத்துக்குப் பின் இங்கிலீஷை உபயோகிக்கப் பார்லிமெண்டு சட்டம் செய்யலாம் என்பதற்கு 'மே'. ஹிந்தி நிரந்தரமான 'ஷல்'லையும், இங்கிலீஷ் தவணை வைத்த 'ஷல்'லையும், தவணை முடிந்தபின் ஒரு 'மே'யையும் பெற்றன. கெடு 1965-ஆம் வருஷம் ஜனவரி 26-ஆம் தேதி முடியும்.

தென்னாட்டில் கவலை வளர்ந்தது. ஹிந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் பரீட்சைகளிலும் உத்தியோகங்களிலும் இயற்கையாகவே ஒரு முன்னுரிமை கிடைத்துவிடும் என்பது அந்தக் கவலை. 1959-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு, ஹிந்தி பேசாத மக்கள் விரும்பும் வரையில் இங்கிலீஷ் ஒரு துணை மொழியாக இருந்துவரும் என்று லோக்சபையில் உறுதி கூறினார். அதைச் சட்டமாக்கும் பொருட்டு 1963-இல் ஆட்சி மொழிகள் மசோதா வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அப்போது உள்நாட்டு மந்திரியாயிருந்த லால் பஹதூர் சாஸ்திரி.

மசோதாவின் மூன்றாவது பிரிவுதான் அதன் உயிர். பதினைந்து வருஷக் கெடு முடிந்த போதிலும், ஹிந்தியோடு கூட இங்கிலீஷும் தொடர்ந்து உபயோகிக்கப்படலாம் என்றது அது. உபயோகிக்கப்பட'லாம்'! அந்த இடத்தில் நின்ற சொல் 'மே'.

தி. மு. க. அங்கத்தினர்களும் வேறு சிலரும் இந்தச் சொல்லைப் பிடித்துக் கொண்டார்கள். 'லாம்' என்றால் உபயோகிக்காமலும் இருக்கலாம் என்றுதானே ஆகிறது என்று கேட்டார்கள். இந்த 'மே' என்பதற்கு 'ஷல்' என்றே பொருள் என்று நேரு பதில் சொன்னார். பொருள் அதுவானால் அந்தச் சொல்லையே போட்டுவிடலாமே என்பது அவர்களுடைய மறு கேள்வி. ராஜ்யசபையில் சி. என். அண்ணாதுரை இங்கிலீஷ் காலவரையறையின்றித் தொடர வேண்டும் என்று வாதாடினார். லாபமும் கஷ்டமும் எல்லாப் பகுதியினருக்கும் சமமாகப் பங்கிடப்பட அதுவே வழி என்பது அவர் கட்சி. எனினும் மசோதா 'மே'யோடுதான் சட்டமாயிற்று.

இரு தரப்பிலும் கபடம் இருந்ததென்று சொல்ல வேண்டியதில்லை. நேரு சொன்னது அவருடைய மனத்தில் இருந்ததுதான். ஆனால் சட்டம் ஒருவருடைய மனத்தில் இருப்பதில்லை, காகிதத்தில் இருக்கிறது. 1964-ஆம் வருஷம் மே மாதம் 27-ஆம் தேதி நேரு காலமானார். வாக்குறுதி தந்தவர் போய்விட்டார். சொல் மட்டும் இருந்தது.

1965-ஆம் வருஷம் ஜனவரியில் கெடு முடியும் நாள் நெருங்கியபோது சென்னை ராஜ்யத்து மாணவர்கள் கிளர்ச்சியில் இறங்கினர். குடியரசு தினத்துக்கு முதல் நாள் மதுரையில் கலவரம் மூண்டது. பிறகு ராஜ்யம் முழுவதும் பரவிற்று. சிலர் தம் உடலுக்குத் தாமே தீ மூட்டிக் கொண்டு மாண்டனர்; போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் பலர் உயிரிழந்தனர். மத்திய மந்திரிகளான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார்கள். பிரதம மந்திரியாகிவிட்ட சாஸ்திரி பிப்ரவரி 11-ஆம் தேதி ரேடியோவில் பேசி, நேருவின் வாக்குறுதிகள் காப்பாற்றப்படும் என்றார். ராஜிநாமாக்கள் ஏற்கப்படவில்லை, மந்திரிகள் இருவரும் பதவியில் தொடர்ந்தனர். அமைதி திரும்பிற்று, மாண்டவர்கள் திரும்பவில்லை.

ஒரு துணைவினையால் மட்டும் இவ்வளவும் நேர்ந்தது என்று சொன்னால் அது மிகை. உத்தியோகக் கவலை, மொழிப்பற்று, அரசியல் போட்டி எல்லாம் அதில் கலந்திருந்தன. ஆனால் அச்சத்தைத் தீர்ப்பதற்கென்றே பிறந்த சட்டம் அதைத் தீர்க்காமல் போனதற்கு அந்தச் சொல் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

1967-ஆம் வருஷம் டிசம்பரில், இந்திரா காந்தி பிரதம மந்திரியாக இருந்த காலத்தில், பார்லிமெண்டு அந்தச் சட்டத்தைத் திருத்திற்று; 1968 ஜனவரியில் திருத்தம் சட்டமாயிற்று. ஹிந்தியைத் தன் ஆட்சி மொழியாக ஏற்காத ராஜ்யத்துக்கும் யூனியனுக்கும் இடையே நடக்கும் கடிதப் போக்குவரத்துக்கு இங்கிலீஷை உபயோகிக்கவே வேண்டும் என்று இப்போது 'ஷல்' வந்தது. சர்க்காரின் தீர்மானங்கள், பொது உத்தரவுகள், அறிக்கைகள் முதலியவை இரு மொழிகளிலும் இருக்கவே வேண்டும், அதற்கும் 'ஷல்'. ஹிந்தியை ஏற்காத ராஜ்யங்களின் சட்டசபைகள் அனைத்தும் தீர்மானம் நிறைவேற்றி, அதன்பின் பார்லிமெண்டின் இரு சபைகளும் தீர்மானம் செய்யும் வரையில் இந்த ஏற்பாடு நீடிக்கும், அங்கும் 'ஷல்'.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூன்றாவது பிரிவின் தொடக்கத்தில் இருந்த அந்தப் பழைய 'மே'யை யாரும் அகற்றவில்லை. அது இன்றும் தன் இடத்திலேயே வீற்றிருக்கிறது. அதைச் சுற்றிலும் 'ஷல்'களைக் காவல் வைத்துவிட்டார்கள். இவ்வளவோடு மொழிப் பிரச்னை தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அது வேறு உருவங்களில் தொடர்ந்தது. ஆனால் இங்கிலீஷ் ஒரு நாள் காலையில் சத்தமின்றி எடுக்கப்பட்டுவிடுமோ என்ற அச்சத்துக்குச் சட்டத்தில் பதில் கிடைத்துவிட்டது.

பேனா யார் கையில்?

1963-ஆம் வருஷத்து 'மே'யில் உண்மையான குறை எங்கே இருந்தது? இதை இலக்கணக் கண்ணோடு பார்த்தால் தெளிவாகும்.

'இங்கிலீஷ் உபயோகிக்கப்படலாம்' என்பது செயப்பாட்டு வினை. யார் உபயோகிக்கலாம்? வாக்கியம் சொல்லவில்லை. கடிதம் எழுதுகிறவர்தான் உபயோகிப்பவர் என்று கொண்டால், அனுமதி அவருக்கே கிடைக்கிறது. டில்லிக் காரியாலயத்தில் பேனாவைப் பிடித்தவர் இங்கிலீஷில் எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். சென்னையில் அந்தக் கடிதத்தைப் பெற்றுக் கொள்கிறவருக்கு, எனக்கு இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்று கேட்க அந்தச் சொல் உரிமை தரவில்லை. அனுமதி எழுதுகிறவருக்கு, கவலை படிக்கிறவருக்கு. படிக்கிறவரின் கவலை தீர வேண்டுமானால் எழுதுகிறவருக்குக் கட்டளை பிறக்க வேண்டும். 1967-இல் நடந்தது அதுதான்.

ஹோஃபெல்ட் என்ற அமெரிக்க நியாய சாஸ்திர ஆசிரியர் 1913-ஆம் வருஷத்தில் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் இந்த உண்மையை வரிசைப்படுத்திக் காட்டியிருக்கிறார். ஒருவனுக்கு உரிமை உண்டு என்றால், மற்றொருவனுக்கு அதற்கு நேரான கடமை இருந்தாக வேண்டும். கடமையைச் சுமக்க ஆள் இல்லாத இடத்தில் உரிமை என்று பேசுவதற்குப் பொருளில்லை.

நமது அரசியல் சட்டத்தின் மிக மேன்மையான ஷரத்துகள் இந்த விதியை ஒட்டியே அமைந்திருக்கின்றன. சட்டத்தின் முன் சமத்துவத்தை அரசு யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது 14-வது ஷரத்து. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்பவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனிடமும் அரசு வேற்றுமை பாராட்டக் கூடாது என்கிறது 15-வது ஷரத்து. இரண்டு நூற்றாண்டுகள் இங்கிலீஷ்காரனுடைய 'ஷல்', 'ஷல் நாட்' என்ற சொற்கள் நம்மை நோக்கி வந்தன. 1950 முதல் அதே சொற்களை நாம் சர்க்காரை நோக்கித் திருப்பினோம். சுதந்திரம் என்பதை இலக்கணத்தில் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும். தீண்டாமையைப் பற்றிய 17-வது ஷரத்து இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அது சர்க்காரை மட்டும் விளித்துப் பேசவில்லை. எந்த உருவத்திலும் யார் அனுசரித்தாலும் கூடாது என்று வீதியிலும் வீட்டிலும் உள்ள எல்லோருக்கும் சேர்த்து விலக்கு விதித்தது.

ஆனால் 'ஷல்' இருந்த இடமெல்லாம் காரியம் நடந்ததா? பதினான்கு வயது முடியும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்து வருஷங்களுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று 45-வது ஷரத்து சொல்லிற்று. 'ஷல்' இருந்தது, ஆனால் அது 'முயல' என்ற வினைக்கு முன்னால் நின்றது. கட்டளை முயற்சிக்குத்தான், கல்விக்கு அல்ல! பத்து வருஷம் 1960-இல் முடிந்தது. முயன்றோம் என்றார்கள், கோடிக்கணக்கான குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றார்கள். 2002-ஆம் வருஷத்து 86-வது திருத்தந்தான் 21-ஏ என்னும் புதிய ஷரத்தைச் சேர்த்து, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அரசு கல்வி அளிக்கவே வேண்டும் என்று சொல்லிற்று. அது 2010-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. 'முயல வேண்டும்' என்பதிலிருந்து 'அளிக்க வேண்டும்' என்பதற்கு வர நமக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது.

குடும்பத்துக்கு உதவும் நான்கு கேள்விகள்

இங்கிலீஷில் அச்சிட்ட பத்திரம் எது கையில் வந்தாலும், இன்ஷூரன்ஸ் பாலிஸியானாலும், பாங்கியின் நிபந்தனைக் காகிதமானாலும், வாடகை ஒப்பந்தமானாலும், கையெழுத்திடுமுன் துணைவினைகளை மட்டும் ஒரு பென்ஸிலால் கோடிட்டுப் பார்ப்பது நல்லது. பிறகு ஒவ்வொன்றையும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது: கட்டாயம் யாருக்கு? 'ஷல்', 'மஸ்ட்' என்பவை எல்லாம் நம் பெயருக்குப் பின்னாலும், 'மே' என்பவை எல்லாம் எதிர்த் தரப்பின் பெயருக்குப் பின்னாலும் நின்றால், அந்த ஒப்பந்தத்தில் நமக்குக் கடமையும் அவர்களுக்குச் சௌகரியமும் பங்கிடப்பட்டிருக்கின்றன என்று அறிய வேண்டும்.

இரண்டாவது: 'நாட்' எதை மறுக்கிறது? 'நீட் நாட்' என்றால் கட்டாயம் போயிற்று. 'மஸ்ட் நாட்', 'ஷல் நாட்' என்றால் காரியமே போயிற்று. 'மே நாட்' என்றால் இன்னொரு முறை படிக்க வேண்டும்.

மூன்றாவது: 'ஷல்'லுக்குப் பின்னால் வரும் வினை எது? 'கொடுக்க' என்றிருக்கிறதா, 'கொடுக்க முயல' என்றிருக்கிறதா?

நான்காவது: வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறதா? 'பணம் திருப்பித் தரப்படலாம்' என்பதில் தருகிறவரும் இல்லை, கட்டாயமும் இல்லை. வாசிக்க மட்டும் இனிமையாயிருக்கிறது!

பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் பெற்றோர்களும் இந்தச் சொற்களைத் தனித்தனியே நெட்டுருப் போட வைப்பதை விட, தமிழோடு இணைத்து ஜோடி ஜோடியாகக் கற்பித்தால் நன்மை உண்டு. 'வேண்டும்' என்பதற்கு 'மஸ்ட்'. 'கூடாது' என்பதற்கு 'மஸ்ட் நாட்'. 'வேண்டியதில்லை' என்பதற்கு 'நீட் நாட்'. 'லாம்', 'கூடும்' இரண்டுக்கும் 'மே'. 'நல்லது' என்று புத்தி சொல்வதற்கு 'ஷுட்'. இந்த ஐந்தும் மனத்தில் பதிந்துவிட்டால் பாதிப் பிழைகள் வாரா.

'ஷல்' என்னும் சொல்லுக்கே வயதாகிவிட்டது என்று கருதும் சட்ட நிபுணர்களும் உண்டு. தென்னாப்பிரிக்கா 1996-ஆம் வருஷத்தில் தன் அரசியல் சட்டத்தை இயற்றியபோது, சாமானிய ஜனங்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக 'ஷல்' என்பதை விடுத்து 'மஸ்ட்' என்றே எழுதிற்று. நமது சட்டங்களும் ஒரு நாள் அவ்வாறு மாறலாம். அப்போதும் கட்டளைக்கும் அனுமதிக்கும் உள்ள தூரம் குறைந்துவிடாது. நம்முடைய உரிமை எந்தச் சொல்லின் மேல் நிற்கிறது என்பதை எந்தப் பாஷையில் எழுதியிருந்தாலும் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் கடன்.